கிராஃப் 114-ல் நின்றால் லைனைத் திட்டாதீர்கள், கவுண்டரைப் பாருங்கள்

ஆரணி மாதிரி ஊர்களில் கேபிள் டிவியோடு ஃபைபர் இன்டர்நெட்டும் கொடுக்கிற ஆபரேட்டர்களுக்காகவும், அவர்களிடம் வேலை பார்க்கிற பையன்களுக்காகவும் இதை எழுதுகிறேன். உங்கள் மெயின் லைனின் டிராஃபிக் கிராஃப் எந்த நாளிலும் 114 மெகாபிட்டைத் தாண்டியதே இல்லையா? சாயங்காலம் வரை ஒழுங்காக ஏறிக்கொண்டு வந்து, வீடுகளில் எல்லோரும் போனை எடுக்கிற நேரத்தில் சட்டென்று தரைக்கு விழுகிறதா? லைனில் கோளாறு இருக்க வேண்டிய அவசியமில்லை. ரூட்டரில் பைட்டுகளை எண்ணுகிற கவுண்டர் நிரம்பி, பூஜ்யத்துக்குத் திரும்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கலாம். அதைப் படிக்கிற சாஃப்ட்வேருக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு ஆபரேட்டர் இருக்கிறார். கொசப்பாளையம், சைதாப்பேட்டை பக்கமெல்லாம் கனெக்‌ஷன் கொடுத்திருக்கிறார் (இது ஆரணியில் இருக்கிற சைதாப்பேட்டை). அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பட்டு சம்பந்தப்பட்டவர்கள். பகலில் தறிச் சத்தம். இருட்டிய பிறகு வியாபாரிகள் புதுச் சேலையை விரித்து முந்தானையையும் பார்டரையும் வீடியோவில் காட்டி வெளியூர் கடைகளுக்கு விற்கிறார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு, பெரியவர்களுக்கு சீரியல், எல்லாம் அதே லைனில்தான். அவர் ஒரு நாள் போன் பண்ணினார்.

“இன்னாணா இது, எட்டு மணி ஆச்சுன்னா ஜனம் பூரா ஸ்லோ ஸ்லோன்னு போன் பண்ணுது. கிராஃப்ப பார்த்தா ஆறு மெகாபிட்டு காட்டுது. மேல லைன் குடுத்தவங்களுக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பினா, உங்க யூசேஜே கம்மி, உங்க ஒயரிங்க பாருங்கன்றாங்க.”

அவர் வாங்கியிருந்தது 350 மெகாபிட். போர்ட் கிகாபிட் போர்ட். ஒயரிங்கைப் பார்க்கச் சொன்னதால் ஸ்ப்ளிட்டர்களை மாற்றினார், பேட்ச் கார்டுகளை மாற்றினார், கம்பத்தில் ஏறுகிற பையன்களைத் திட்டவும் செய்தார். அந்தப் பையன்கள் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. பொய் சொன்னது அந்த ஆறு மெகாபிட் என்கிற எண்.

சுற்றி வருகிற எண்

நம் ஊரில் தறி வைத்திருக்கிறவர்களுக்கு மீட்டர் ரீடிங் புதிதல்ல. கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் இலவசம் என்று 2023-ல் அரசு உயர்த்திய பிறகு, எத்தனை யூனிட் ஓடியது என்பதில் எல்லோருக்கும் கண் இருக்கிறது. பழைய சக்கர மீட்டரை நினைத்துப் பாருங்கள். ஐந்து இலக்கம். 99999 வந்தால் அடுத்தது 00000. போன ரீடிங் 99,900, இந்த ரீடிங் 150 என்றால், மைனஸ் போட்டு யாரும் பயப்பட மாட்டார்கள். சுற்றி வந்திருக்கிறது, ஆக 250 யூனிட் என்று எழுதிவிடுவார்கள். இந்தக் கணக்குக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு ரீடிங்குக்கு நடுவில் மீட்டர் ஒரு முழுச் சுற்றுக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஓடியிருந்தால் ரீடிங்கை மட்டும் வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ரூட்டரிலும் ஸ்விட்சிலும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் இப்படி ஒரு மீட்டர் இருக்கிறது. உள்ளே வந்த பைட்டுக்கு ஒன்று, வெளியே போன பைட்டுக்கு ஒன்று. கண்காணிப்பு சாஃப்ட்வேர் எஸ்என்எம்பி என்கிற நெறிமுறை வழியாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுத்து, பழையதைக் கழித்து, நொடிக்கு இவ்வளவு என்று வகுத்து கிராஃப் போடுகிறது. பழைய கவுண்டர் 32 பிட். அது எண்ணக்கூடிய பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அடுத்த பைட் வந்தால் பூஜ்யம்.

இவ்வளவு சின்ன கவுண்டரை ஏன் வைத்தார்கள்? அன்றைக்கு அது சின்னது அல்ல. இந்த கவுண்டர்களை வரையறுத்த ‘மிப்-2’ ஆவணம் 1991 மார்ச்சில் வந்தது. அப்போது அலுவலகங்களில் ஓடிய ஈதர்நெட் 10 மெகாபிட். அது முழு வேகத்தில் விடாமல் ஓடினாலும் கவுண்டர் ஒரு சுற்று வர 57 நிமிடம் ஆகும். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தபோது டயல்-அப் வேகம் 9.6 கிலோபிட். அந்த வேகத்தில் கவுண்டர் சுற்ற 41 நாள் ஆகியிருக்கும். டோபியாஸ் ஓட்டிக்கர் என்பவர் தன் பல்கலைக்கழகத்தின் 64 கிலோபிட் லைனைக் கவனிக்க, கிராஃப் போடும் எம்ஆர்டிஜி என்ற இலவச சாஃப்ட்வேரை எழுதினார். அந்த லைனில் ஆறு நாளுக்கு மேல் ஆகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரீடிங் என்ற வழக்கம் அந்தக் காலத்தில் வேரூன்றியது. அன்றைக்கு அது தாராளம்.

இன்றைக்கு 100 மெகாபிட்டில் ஆறு நிமிடத்துக்குள் ஒரு சுற்று. ஒரு கிகாபிட்டில் 34 நொடி. வேகம் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு ஏறிவிட்டது. சாஃப்ட்வேரில் யாரோ என்றைக்கோ போட்ட செட்டிங் மட்டும் அப்படியே இருக்கிறது.

114 எங்கிருந்து வந்தது?

கணக்கு எளிது. 32 பிட் கவுண்டரின் ஒரு முழுச் சுற்று 4,294,967,296 பைட். எட்டால் பெருக்கினால் பிட். ஐந்து நிமிடம் என்றால் 300 நொடி. வகுத்தால் நொடிக்கு 114.5 மெகாபிட். இந்த வேகம் வரைக்கும் ஐந்து நிமிடத்தில் ஒரு சுற்றைத் தாண்டாது. சாஃப்ட்வேர் சுற்றைக் கூட்டிக்கொண்டு சரியான பதிலைத் தரும். அதற்கு மேல் போனால் எத்தனை சுற்று ஓடியது என்பது தொலைந்துபோகிறது. மிச்சம் மட்டும்தான் கிராஃபில் வரும்.

நிஜ வேகத்தையும் கிராஃப் காட்டுகிற வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

நிஜம் 110 மெகாபிட், கிராஃபில் 110.
நிஜம் 120 மெகாபிட், கிராஃபில் 5.5.
நிஜம் 230 மெகாபிட், கிராஃபில் 1-க்கும் கீழே.
நிஜம் 300 மெகாபிட், கிராஃபில் 71.
நிஜம் 340 மெகாபிட், கிராஃபில் 111.
நிஜம் 350 மெகாபிட், கிராஃபில் 6.4.

கடைசி இரண்டு வரிகளைத் திரும்பப் படியுங்கள். டிராஃபிக் பத்து மெகாபிட் கூடுகிறது, கிராஃப் 111-லிருந்து ஆறுக்கு விழுகிறது. நண்பருடைய லைன் எட்டு மணிக்கு 350-ஐ முட்டிக்கொண்டு நின்றது. கிராஃப் ஆறு மெகாபிட் காட்டியது. ஊரே இன்டர்நெட்டில் இருந்த நேரத்தில், யாருமே இல்லை என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

இந்தக் கோளாறின் ஆபத்து இங்கேதான். ரூட்டர் செத்துப்போனால் உடனே தெரியும். கிராஃப் வராமல் போனாலும் தெரியும். இதில் கிராஃப் வருகிறது, அழகாக வருகிறது, நம்பும்படியான எண்ணும் வருகிறது. அந்த எண்ணை நம்பி ஆள் அனுப்புகிறோம், பணம் செலவழிக்கிறோம்.

சரிசெய்வது எப்படி?

மருந்து ரொம்ப நாளாகக் கையில் இருக்கிறது. 64 பிட் கவுண்டர்கள் 1990-களிலேயே தரத்தில் சேர்க்கப்பட்டுவிட்டன. 2000-ல் வந்த ஆர்எஃப்சி 2863 என்ற தர ஆவணம் இன்னும் தெளிவாகவே சொல்கிறது: 20 மெகாபிட்டுக்கு மேல் ஓடுகிற போர்ட்டில் பைட்டை எண்ண 64 பிட் கவுண்டர் கட்டாயம், 650 மெகாபிட்டும் அதற்கு மேலும் ஓடுகிற போர்ட்டில் பாக்கெட்டை எண்ணவும் 64 பிட் கட்டாயம். ஒரு கிகாபிட் லைன் முழு வேகத்தில் ஓடினால் 64 பிட் கவுண்டர் ஒரு சுற்று வர 4,600 வருடத்துக்கு மேல் ஆகும். 100 கிகாபிட் லைனில்கூட 46 வருடம். அதற்குள் அந்த ரூட்டர் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

மாற்ற வேண்டியது முகவரியைத்தான். பழைய 32 பிட் கவுண்டரின் எண்முகவரி 1.3.6.1.2.1.2.2.1.10, அது உள்ளே வருகிற பைட். வெளியே போவது கடைசியில் 16. புதிய 64 பிட் கவுண்டர் 1.3.6.1.2.1.31.1.1.1.6, வெளியே போவதற்குக் கடைசியில் 10. உங்கள் சாஃப்ட்வேர் எதைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது எஸ்என்எம்பி வெர்ஷன். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வெர்ஷன் 1-ல் 64 பிட் எண் என்ற வகையே கிடையாது. முகவரியை மாற்றிவிட்டு வெர்ஷனை 1-லேயே விட்டால் பதிலே வராது. ‘இந்த ரூட்டரில் அந்த வசதி இல்லை போல’ என்று நினைத்துப் பழையதற்கே திரும்பிவிடுவார்கள். வெர்ஷனை 2சி அல்லது 3 ஆக்குங்கள், வரும். முடிந்தால் 3 போடுங்கள், அதில்தான் பாஸ்வேர்டும் மறைகுறியாக்கமும் உண்டு. 2சி-தான் என்றால் கம்யூனிட்டி பெயரை ‘பப்ளிக்’ என்று விடாமல் மாற்றிவிட்டு, உங்கள் கண்காணிப்பு சர்வருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

எம்ஆர்டிஜி வைத்திருந்தால் டார்கெட் வரியில் ரூட்டர் முகவரிக்குப் பின்னால் ஐந்து முக்காற்புள்ளி போட்டு 2 சேருங்கள், இப்படி :::::2. கேக்டை சாஃப்ட்வேரில் கிராஃப் உருவாக்கும்போது 64 பிட் கவுண்டர் என்று தனி டெம்ப்ளேட்டே இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பழைய டெம்ப்ளேட்டில் போட்ட கிராஃப் தானாக மாறாது, புதிதாகப் போட வேண்டும்.

64 பிட் இல்லாத பழைய ஸ்விட்ச் ஏதாவது இருந்தால்? ரீடிங்கை அடிக்கடி எடுங்கள். நிமிடத்துக்கு ஒன்று எடுத்தால் 572 மெகாபிட் வரை நம்பலாம். 30 நொடிக்கு ஒன்று என்றால் 1.14 கிகாபிட் வரை. இது தற்காலிக ஏற்பாடு. அந்தப் பெட்டியை மாற்றப் பணம் சேருங்கள்.

10 கிகாபிட் போர்ட் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொன்று. போர்ட்டின் வேகத்தைச் சொல்கிற பழைய மதிப்பும் 32 பிட்தான். அது சுற்றாது, உச்சத்தில் நின்றுவிடும். அதனால் 10 கிகாபிட் போர்ட் 4.29 கிகாபிட் என்று தெரியும். எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குக் கணக்கு தப்பும். மெகாபிட்டில் வேகம் சொல்கிற புதிய மதிப்பை எடுக்க வேண்டும்.

கரண்டு போனால் வருகிற தொல்லை

64 பிட்டுக்கு மாறிவிட்டால் கதை முடிந்ததா? இல்லை. நம் ஊரில் கரண்டு போகும், யுபிஎஸ் பேட்டரி தீரும், ரூட்டர் ரீபூட் ஆகும். அப்போது கவுண்டர் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். சாஃப்ட்வேர் பார்ப்பது ஒன்றுதான்: புதிய ரீடிங் பழையதைவிடக் குறைவு. அது சுற்றி வந்ததா, அணைந்து எழுந்ததா என்று அதற்குத் தெரியாது. சுற்றி வந்தது என்று முடிவு செய்தால் ஒரு முழுச் சுற்றைக் கூட்டிவிடும். 32 பிட்டில், உதாரணத்துக்கு, நிஜத்தில் இல்லாத 89 மெகாபிட் தெரியலாம். 64 பிட்டில் கூட்டினால் இந்த உலகத்திலேயே இல்லாத வேகம் ஒன்று கிராஃபில் குத்தி நிற்கும். மற்ற நாட்களின் டிராஃபிக்கெல்லாம் அடியில் ஒரு கோடாகச் சுருங்கிவிடும்.

இதற்கு மூன்று காவல் இருக்கிறது. முதலாவது, ரீடிங்குகளை ஆர்ஆர்டிடூல் வைத்து சேமிக்கிறவர்கள் ‘கவுண்டர்’ வகைக்குப் பதில் ‘டெரைவ்’ வகையைப் போட்டு, குறைந்தபட்ச மதிப்பு 0 என்று வைப்பது. குறைந்த ரீடிங் வந்தால் ஊகிக்காமல் ‘தெரியாது’ என்று அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடும். 64 பிட் கவுண்டர் நம் ஆயுளில் சுற்றப்போவதில்லை என்பதால் இழப்பு ஒன்றுமில்லை. இரண்டாவது, அதிகபட்ச மதிப்பாக போர்ட்டின் வேகத்தை வைப்பது. கிகாபிட் போர்ட்டில் ஒரு கிகாபிட்டுக்கு மேல் எது வந்தாலும் தள்ளிவிடும். மூன்றாவது, ரூட்டர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற மதிப்பையும் கூடவே வாங்குவது. அது போன தடவையைவிடக் குறைந்திருந்தால் ரீபூட் ஆகியிருக்கிறது, அந்த ஒரு ரீடிங்கை விட்டுவிடலாம். இந்த நேரக் கணக்கும் 32 பிட்தான், நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணுவதால் 497 நாளில் அதுவும் சுற்றும் என்பதை நினைவில் வையுங்கள்.

கிராஃபில் ஒரு ஓட்டை இருப்பதைப் பார்த்துச் சங்கடப்படாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று விடுகிற கிராஃப்தான் நம்பத் தகுந்த கிராஃப்.

பில் விஷயம்

மெயின் லைன் கிராஃப் தப்பினால் ஆபரேட்டருக்கு நஷ்டம். வாடிக்கையாளர் கணக்கு தப்பினால் ஒரு குடும்பத்தின் இன்டர்நெட் தப்பான காரணத்துக்காக மெதுவாகிவிடும். அதனால் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

லாகின் கொடுத்துக் கணக்கு வைக்கிற ரேடியஸ் முறையிலும் பைட் கவுண்டர் 32 பிட்தான். நாள் முழுக்க லாகின் ஆகி இருக்கிற ஒருவர் 10 ஜிபி பயன்படுத்தினால், கவுண்டர் இரண்டு சுற்று போய் 1.41 ஜிபி என்று காட்டும். 2000-ல் வந்த ஆர்எஃப்சி 2869 இதற்கு ‘கிகாவேர்ட்ஸ்’ என்ற துணைக் கவுண்டரைச் சேர்த்தது. எத்தனை சுற்று ஆனது என்பதை அது எண்ணும். அந்தச் சுற்றுகளை 4,294,967,296-ஆல் பெருக்கி மிச்சத்தைக் கூட்டினால் சரியான கணக்கு. ஃப்ரீரேடியஸ் தன் வழக்கமான டேட்டாபேஸ் அமைப்பில் இதைச் செய்துவிடுகிறது. யாரோ எழுதிக் கொடுத்த பில்லிங் சாஃப்ட்வேர் வைத்திருந்தால், எழுதியவரைக் கூப்பிட்டு ‘கிகாவேர்ட்ஸ் சேர்த்திருக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் நீங்களே சோதித்துப் பாருங்கள். கூடவே ஒன்று: இதில் உள்ளே, வெளியே என்பது வாடிக்கையாளரை லாகின் செய்யவிடுகிற ரூட்டரின் பார்வையில். வாடிக்கையாளர் டவுன்லோடு செய்தது ‘வெளியே’ கணக்கில் வரும்.

சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதி, வாடிக்கையாளரின் கவுண்டரைப் படித்து டேட்டா அளவு போடுகிறவர்கள் ரீபூட் விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கரண்டு போய் வந்ததைச் சுற்று என்று நினைத்து 4 ஜிபியைச் சேர்த்தால், ஆன்லைன் வகுப்பு பார்க்கிற பெண்ணின் லைன் மாதக் கடைசியில் காரணமில்லாமல் மெதுவாகிவிடும். அவள் வீட்டில் யாராலும் அதை எதிர்த்துக் கணக்குக் கேட்க முடியாது. கணக்கு வைத்திருப்பது நாம் மட்டும்தானே.

புரோகிராம் எழுதுகிற தம்பி தங்கைகளுக்கு

இந்தத் துறைக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. இன்றைய ஜோஹோ நிறுவனம் 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது செய்தது நெட்வொர்க் மேலாண்மை சாஃப்ட்வேர்தான். ஜாவாவில் எஸ்என்எம்பி கருவிகள் எழுதிக் கொடுத்தது. 2009-ல்தான் ஜோஹோ என்று பெயர் மாறியது. ஆகவே கவுண்டர் கணக்கு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அன்னியமான வேலை அல்ல.

எழுதும்போது எண்ணின் வகையைப் பாருங்கள். ஜாவாவில் ‘இன்ட்’ எதிர்மறை எண்ணையும் தாங்குவதால் 214 கோடியே 74 லட்சத்தோடு நின்றுவிடும். 32 பிட் கவுண்டரை அதில் போட்டால் பாதி வழியில் மைனஸ் ஆகும், ‘லாங்’ வேண்டும். மைஎஸ்கியூஎல் டேபிளில் ‘இன்ட்’ நெடுவரிசைக்கும் இதே எல்லைதான், ‘பிக்இன்ட்’ போடுங்கள். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் சுமார் 9,007 லட்சம் கோடி வரைதான் ஒவ்வொரு பைட்டையும் துல்லியமாக வைத்திருக்கும். ஒரு கிகாபிட் லைன் முழு வேகத்தில் ஓடினால் இரண்டே கால் வருடத்தில் அந்த எல்லை வந்துவிடும். ரூட்டர் 64 பிட்டில் சரியாகச் சொன்னதை நம் டேபிள் வெட்டிவிட்டால் என்ன பயன்?

இது நெட்வொர்க்கோடு முடிகிற விஷயமும் அல்ல. போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் பகுதி, 248 நாள் அணைக்காமல் ஓடினால் ஒரு கவுண்டர் நிரம்பி மின்சாரத்தை நிறுத்திவிடக்கூடும் என்று 2015-ல் அமெரிக்க விமானத் துறை எச்சரித்து உத்தரவு போட்டது. 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு, இந்திய நேரப்படி, 32 பிட்டில் நேரம் வைத்திருக்கிற பழைய கம்ப்யூட்டர்களின் கடிகாரம் நிரம்பும். எண்ணுகிற எதற்கும் எல்லை உண்டு, அது எப்போது வரும் என்று கணக்குப் போடுவது எழுதுகிறவரின் கடமை.

மாற்றிய பிறகு

நண்பருடைய சாஃப்ட்வேரில் வெர்ஷனை மாற்றி 64 பிட் கவுண்டரைக் கொடுத்த அன்று இரவே உண்மை தெரிந்தது. எட்டு மணியிலிருந்து பத்தரை வரை கிராஃப் 350-ல் தட்டையாக ஓடியது. ஒயரிங்கில் ஒன்றுமில்லை. வாங்கிய அளவு பத்தவில்லை, அவ்வளவுதான். அந்தப் படத்தை அனுப்பியதும் லைன் கொடுத்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஸ்ப்ளிட்டருக்குச் செலவழித்த பணத்தை முதலிலேயே லைனுக்குக் கொடுத்திருக்கலாம்.

மாற்றிவிட்டு அப்படியே நம்பிவிடாதீர்கள், சோதியுங்கள். டிராஃபிக் இல்லாத விடியற்காலையில், அளவு தெரிந்த ஒரு பெரிய ஃபைலை, 5 ஜிபி, 6 ஜிபி என்று 32 பிட் எல்லையைத் தாண்டுகிற மாதிரி டவுன்லோடு செய்யுங்கள். முன்னும் பின்னும் கவுண்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் ஃபைலின் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், ஏனென்றால் பாக்கெட்டின் தலைப்புப் பகுதியும் அதில் சேரும். குறைவாக இருந்தால் எங்கோ இன்னும் 32 பிட் ஒளிந்திருக்கிறது.

லைனை அதிகப்படுத்துவதற்கு முன்னால், கம்பத்தில் ஏறுகிற பையனைக் கோபிப்பதற்கு முன்னால், வாடிக்கையாளருக்கு வேகத்தைக் குறைப்பதற்கு முன்னால், இன்றைக்கே உங்கள் சாஃப்ட்வேரைத் திறந்து எஸ்என்எம்பி வெர்ஷனையும் கவுண்டர் முகவரியையும் பாருங்கள். 1 என்றும் 32 பிட் என்றும் இருந்தால் மாற்றுங்கள். காசு செலவில்லாத வேலை, அரை மணி நேரம் போதும். உங்களிடம் மாதாமாதம் பணம் கட்டுகிறவர்களுக்கு ஒரு சரியான கணக்கு கிடைக்க வேண்டும்.